தோட்டாவின் நெற்றிப் பொட்டு

போன சனிக்கிழமை என் ரைபிள் வாயைத் திறக்க மறுத்துவிட்டது.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. சுட்டு முடித்த காலி உறைகளைப் பொறுக்கி வந்து, கராஜில் உட்கார்ந்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மறுபடி தோட்டாவாக்குவது. நான் சுத்த சைவம். சுடுவது காகிதத்தை மட்டும். டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில் கோல்ஃப் ஆடத் தெரியாத ஐ.டி.காரன் வேறு என்னதான் செய்வான்?

அன்றைக்குத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட வந்தவன் நசீர். என் டீமில் இருக்கும் கீழக்கரைப் பையன். அடுத்த மாதம் நிக்காஹ். அதற்குள் ஒரு தடவையாவது ரைபிள் சுட்டுவிட வேண்டுமாம். "அப்புறம் யாரு விடுவா அண்ணே?"

நியாயம்தான்.

முதல் தோட்டாவை நான் சுட்டேன். தோளில் விழுந்த இடி கொஞ்சம் அதிகம். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைத் தூக்கினால்... வரவில்லை. உள்ளங்கையால் தட்டித்தான் திறந்தேன்.

"நகருங்கண்ணே, என் டர்ன்."

"இருப்பா."

வெளியே வந்த உறையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தின் நடுவில் பிரைமர் என்று ஒரு குட்டி வட்டம் இருக்கும். ஊசி வந்து குத்துகிற இடம்... தோட்டாவின் நெற்றிப் பொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட பிறகும் அதன் ஓரம் லேசாக உருண்டிருக்க வேண்டும். இதுவோ ஸ்டிக்கர் பொட்டு மாதிரி தட்டையாக அப்பிக் கிடந்தது. பக்கத்தில் பித்தளையில் பளபளவென்று ஒரு தழும்பு வேறு. போல்ட் முகத்திலுள்ள ஓட்டைக்குள் பித்தளை பிதுங்கப் பார்த்திருக்கிறது.

இறுகிய போல்ட், தட்டைப் பொட்டு, பளபளத் தழும்பு. ஒன்று மட்டும் என்றால் வாதாடலாம். மூன்றும் சேர்ந்து வந்தால் வாதம் கிடையாது — உள்ளே அழுத்தம் எல்லை மீறிவிட்டது. குக்கர் என்றால் விசிலடித்துச் சொல்லும். ரைபிள் இப்படி ஜாடைதான் காட்டும். சில சமயம் அதுவும் காட்டாது.

"இதே மருந்து அளவுதானே சம்மர் பூரா சுட்டீங்க?" என்றான் நசீர்.

"ஆமா. அதான் பயமா இருக்கு."

"ஒண்ணே ஒண்ணுண்ணே! மான் கறியும் சாப்பிட மாட்டீங்க, மானையும் சுட மாட்டீங்க. பேப்பரைச் சுடறதுக்கு இவ்வளவு பயமா?"

"பேப்பருக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. போல்ட் பின்னாடி இருக்கப்போறது உன் கண்ணு. ஒத்தைக் கண்ணு மாப்பிள்ளையைப் பொண்ணு வீட்ல ஏத்துப்பாங்களா?"

வாயை மூடிக்கொண்டான். ஆனால் மூக்கைத் திறந்துகொண்டான்.

"அண்ணே... இட்லிப் பொடி வாசனை வருது?"

குனிந்து முகர்ந்தேன். நல்லெண்ணெய்! இன்னொரு தோட்டாவை எடுத்தால் அதுவும் வழுக்கியது.

தோட்டா வெடிக்கும்போது உறை விரிந்து, தான் உட்கார்ந்திருக்கும் அறையின் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் இருந்தால் எங்கே பிடிப்பது? வழுக்கிப் பின்னால் வந்து போல்ட்டை இடிக்கும். குழலுக்குள்ளும் எண்ணெய் என்றால் அழுத்தமும் எகிறும். பூட்டி வைத்தவன் நான்தானே என்ற திமிரில் குழலை எட்டிக்கூடப் பார்க்காமல் கிளம்பியிருந்தேன். மேனுவலை மனப்பாடமாக ஒப்பிக்கிற புத்திசாலி!

மேற்கொண்டு சுடாமலே திரும்பினோம். நசீர் வழி முழுக்க உர்ரென்று வந்தான், இரண்டு கண்ணோடு.

வீட்டில் மனைவியிடம் விசாரணை நடத்தினேன்.

"நான்தான். ஆயுத பூஜைக்கு காருக்குப் பொட்டு வச்சேன், லேப்டாப்புக்கு வச்சேன். நிஜ ஆயுதத்தை விட்டுட முடியுமா? பூட்டைத் திறந்து எண்ணெய் போட்டுத் துடைச்சு, அடியில ஒரு பொட்டும் வச்சேன். குழாய்க்குள்ளயும் ரெண்டு சொட்டு விட்டேன்."

"தோட்டாவுக்குமா?"

"பின்னே? அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

குழலைத் துடைத்துவிட்டேன். அந்தத் தோட்டாக்களையெல்லாம் கழற்றிவிட்டேன். எண்ணெய்தான் குற்றவாளி என்று பழைய அளவுக்கே போகப்போவதில்லை. குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பம், ஒவ்வொரு உறையின் நெற்றியையும் பார்த்துப் பார்த்து. கார் டிக்கியில் வைத்து எடுத்துப் போவதற்கு முன் குழலையும் பார்ப்பேன். குறிப்பாக அக்டோபரில்.

நடந்ததை விவரமாகச் சொல்லி, "கண்ணு போயிருக்கும் தெரியுமா?" என்றேன்.

"போகலையே? பொட்டு வச்சதாலதான்!"

இந்த அழுத்தத்துக்கு எந்த மேனுவலிலும் அறிகுறி போடவில்லை.