பல்லு விழுந்த பேத்தியே

செபத்தில் சிரித்ததற்காக நான் அறை வாங்கியது ஒரே ஒரு முறை. அது அநியாயம் என்று அன்றே முடிவு செய்தேன். இத்தனை வருடம் கழித்தும் அந்த முடிவை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. சென்ற மாதம் திண்டுக்கல்லில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தேன். ஞாபகம் மங்கிய பெரியவர்களை வட்டமாக உட்காரவைத்து, 'ஹா ஹா' என்று சொல்லச் சொல்லிச் சிரிப்புப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தால் உடம்புக்கு நல்லதாம். எங்கள் வீட்டில் அது தானாக வந்தது. அடித்து விரட்டினோம்.

தாத்தா ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் உபதேசியாராக இருந்தவர். பங்குச் சாமியார் வர முடியாத நாட்களில் கோயிலில் செபத்தை நடத்துவது அவர்தான். ஞாபகம் பிசகத் தொடங்கியதும் அப்பா அவரை டவுனுக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். சாப்பிட்டதை மறந்தார், கொல்லைக்குப் போகும் வழியை மறந்தார். ஆனால் சாயங்காலம் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே சிவப்பு பல்பு எரிந்ததும் செபமாலையைக் கையில் எடுத்துவிடுவார். அவர் தொடங்குவார், நாங்கள் பின்தொடர்வோம். நாள் முழுவதிலும் அவர் நிமிர்ந்து உட்காரும் நேரம் அது ஒன்றுதான்.

செபமாலையின் முடிவில் மன்றாட்டு வரும். முன்னால் சொல்பவர் மாதாவை ஒவ்வொரு பட்டமாகச் சொல்லி அழைப்பார். மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்பார்கள். நினைப்பு அடுப்பில் இருந்தாலும் வாய் தானாகச் சொல்லிவிடும். அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், பக்கத்து வீட்டாரும் வந்து முழந்தாளிட்டிருந்தபோது, தாத்தாவுக்குப் பட்டங்கள் வராமல் நின்றுபோயின. படத்தையே பார்த்தார். பிறகு அதே ராகத்தில் தொடர்ந்தார்.

"ரசத்துக்கு உப்புப் போடாத மருமகளே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது கூட்டம். அம்மாவும் சேர்ந்துதான் சொன்னாள்.

"பால்காரன் கொண்டார தண்ணிக் குடமே!"

"எங்களுக்காக..." பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள்.

"பல்லு விழுந்த பேத்தியே!"

முன்பல் இல்லாத வாயைத் திறந்து நான் சிரித்துவிட்டேன். தாத்தா திரும்பி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அடுத்த கணம் அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார்; தெருவே அவரை 'சார்' என்றுதான் கூப்பிடும். அன்றைக்கே சட்டம் போட்டார். இனி செபத்தை அவரே சொல்வார். தாத்தா பேசினால் யாரும் சிரிக்கக் கூடாது. அவர் உளறுவது வியாதி. வியாதியைப் பார்த்துச் சிரிப்பது பாவம்.

பாவமாம்! தாத்தாவைச் சுவரோரமாகத் தள்ளி உட்காரவைத்தது மட்டும் புண்ணியமா? அவர் தொடங்குவதற்காக வாயைத் திறப்பார். அதற்குள் அப்பா தொடங்கிவிடுவார். சில நாட்களில் வாயைத் திறப்பதையும் விட்டார். பிறகு சோற்றுக்கும் திறக்கவில்லை. அம்மா பிசைந்து ஊட்டினால் கன்னத்தில் அடக்கியபடி உட்கார்ந்திருப்பார். வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். அவ்வளவு மரியாதையாக ஒரு மனிதரை யாரும் பட்டினி போட்டிருக்க முடியாது. என் பங்குக்கு நான் செபத்தில் பதில் சொல்வதை நிறுத்தினேன். யாரும் கவனிக்கவில்லை.

கன்னிவாடியிலிருந்து அத்தை வந்தாள். தாத்தாவின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள், அப்பாவிடம் பாய்ந்தாள்.

"ஏண்ணே, மாதா வந்து ஒங்கிட்ட கோவிச்சுக்கிட்டாளாக்கும்?"

"ஊரே சிரிக்குது, தெரியுமா ஒனக்கு? எப்பேர்ப்பட்ட மனுசன் அவரு!"

"சிரிக்கட்டுமே! அவரு சிரிக்க வச்சுத்தான அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. நீ மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கிட்டு அவருக்கு என்னத்தக் குடுத்துட்ட?"

அன்று சாயங்காலம் அத்தை செபமாலையை அப்பாவின் கையிலிருந்து பிடுங்கித் தாத்தாவின் கையில் வைத்தாள். "செத்த நேரம் நீங்க சொல்லுங்கப்பா" என்றாள்.

தாத்தா அதை வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார். மணிகளுக்கான செபத்தை அப்பாவே சொல்லி முடித்தார். மன்றாட்டு வந்ததும் தாத்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கன்னிவாடி போன வாயாடி மகளே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" அத்தைதான் எல்லாரையும்விட உரக்கச் சொன்னாள்.

"உப்பு மறந்த மருமகளே!" அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பல்லு விழுந்த பேத்தியே!" எனக்குப் பல் முளைக்கத் தொடங்கியிருந்தது, அதனால் என்ன, சிரித்தேன். தாத்தாவும் உடம்பு குலுங்கச் சிரித்தார். அப்புறம் அவர் பார்வை வரிசையாக வந்து அப்பாவின் மேல் நின்றது. நெற்றியைச் சுருக்கி, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தார்.

"சிரிக்காத சாரே!"

யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் அப்பாவின் கையையே பார்த்தோம்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று அப்பா மட்டும் தனியாகச் சொன்னார். எழுந்து கொல்லைப்புறம் போனார். குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவும் சத்தம் நெடுநேரம் கேட்டது. இந்த மனிதருக்கு இன்னும் கோபம் தீரவில்லையே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. தாத்தா அன்று இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த அறை தப்புதான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் மகளே, மருமகளே, பேத்தியே என்று எங்கள் எல்லாருக்கும் பட்டம் கொடுத்த தாத்தா, மகனே என்று ஒரு நாளும் அழைக்கவில்லை. அந்தச் சொல் வராதது எனக்குக் கேட்கவில்லை. அப்பாவுக்கு முதல் நாளிலிருந்தே கேட்டிருக்கிறது.