கோப்புக்கு இடம் பிடித்த கதை

பிழைக்க வந்த வெளிநாட்டு ஊரான ஹென்டர்சனில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கிடங்கில் எனக்குக் கணினி வேலை. டேட்டாபேஸ் பற்றி எந்தக் கல்லூரியிலும் படித்தவனில்லை. கெடுத்துக் கெடுத்துச் சரிசெய்து கற்றுக்கொண்டதுதான். அங்கே ஆர்டர் பதியும் மேசையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். மதியத்துக்குப் பிறகு ஆர்டர்கள் குவியும் நேரம் பார்த்து அவருடைய திரை அப்படியே நின்றுவிடும். வாசலில் லாரி காத்துக் கிடக்கும். மேனேஜர் ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, அந்த அம்மாவுக்குக் கை வேகம் போதாது, அடுத்த வாரம் குளிர் அறையில் பெட்டி கட்ட அனுப்பப்போகிறேன் என்றார். அக்காவின் முழங்கால் அந்தக் குளிரைத் தாங்காது. அது கிடங்கில் எல்லாருக்கும் தெரியும்.

"தம்பி, நான் மெதுவா அடிக்கிறேனோ, இது மூச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்குதோ, நீங்களே இருந்து பாருங்கோ" என்றார் அக்கா, நான் விஷயத்தைச் சொன்னதும்.

இப்படிப் பேசுகிறவர்களிடம் எனக்கு மறுக்க வராது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அக்காவின் விரல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நின்றது டேட்டாபேஸ். ஆர்டர்களைச் சேர்த்துவைக்கும் கோப்பு நிரம்பும்போதெல்லாம் அது கணினியிடம் இன்னும் கொஞ்சம் இடம் கேட்கும். கேட்பதும் கிள்ளிக் கிள்ளி. கிடைக்கும்வரை பதிவுகள் வரிசையில் நிற்கும். கிடைத்த இடமும் ஹார்ட் டிஸ்க் வட்டில் மூலைக்கொன்றாகச் சிதறிக் கிடப்பதால், தேடி எடுக்கவும் தாமதம்.

"பெரிசா ஒரே தடவையில இடம் ஒதுக்கிட்டா போச்சு, அக்கா. எங்க ஊர் பஸ்ல ஜன்னல் வழியா துண்டைப் போட்டு சீட் பிடிப்போம், அந்த மாதிரி."

மறுநாள் காலை கோப்பின் அளவைப் பெரிதாக நீட்டி வைத்தேன். நொடியில் முடிந்தது. தெம்பாக ஒரு காப்பி குடித்தேன். மதியம் திரை மறுபடி நின்றது.

"துண்டு போட்டியள், சரி. பஸ்ஸுக்கு உள்ளுக்கை சீட்டு இருக்குதோ எண்டு பாத்தனீங்களோ, தம்பி?"

நடந்திருந்தது அதுதான். நான் பிடித்த குறுக்கு வழி அளவை மட்டும் பெரிதாகக் காட்டியது. வட்டில் உண்மையான இடம் எழுதும்போதுதான் கிடைத்தது. சனிக்கிழமை கிடங்கு மூடியதும் உட்கார்ந்தேன். புதிதாக ஒரு பெரிய கோப்பை உருவாக்கி, அது முழுக்கப் பூஜ்யம் எழுதி நிரப்பி இடத்தை உண்மையாகவே பிடித்து, பிறகு தரவையெல்லாம் அதற்கு மாற்றினேன். ஆமை வேகம். டெய்ரி என்று இங்கே சொல்லும் பக்கத்துப் பெட்டிக்கடையில் கொத்திறைச்சி வைத்த மின்ஸ் பை வாங்கித் தின்றுவிட்டு வந்தும் பாதிதான் முடிந்திருந்தது.

திங்கள் மதியம் மேனேஜரை அழைத்துவந்து அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தினேன். ஆர்டர்கள் குவிந்தன. திரை ஓரிடத்திலும் நிற்கவில்லை. லாரி நேரத்துக்குப் புறப்பட்டது. இவ்வளவு வேகமாக அடிக்க எப்போது பழகினீர்கள் என்று மேனேஜர் வியந்தார். இனி இந்த மேசைக்கு வேறு ஆள் தேட வேண்டாம் என்றும் அவரே சொன்னார்.

அக்கா திரும்பாமலே தமிழில் சொன்னார்: "முந்தியும் இப்பிடித்தான் அடிச்சனான்."

என்ன சொல்கிறார் என்று மேனேஜர் என்னைக் கேட்டார். நன்றி சொல்கிறார் என்றேன்.

"பொய் சொல்லாதேங்கோ, தம்பி" என்று சொல்லிக்கொண்டே அக்கா அடுத்த ஆர்டரை அடிக்கத் தொடங்கினார்.