கை வெளியே வரும்வரை

லோகேஸ்வரனுக்குத் திறந்த கை என்று ஒன்று கிடையாது. குளிர்பெட்டியை முஷ்டியால் சாத்துவார். லிஃப்ட் பொத்தானை முஷ்டியால் அமுக்குவார். விருந்தாளி கைகுலுக்க வந்தால் இவர் முஷ்டியை நீட்டுவார். வந்தவர் இதைக் கொரோனா காலத்துப் பழக்கம் என்று நினைத்து, தானும் ஒரு முட்டு முட்டிவிட்டு உட்காருவார். சோறு பிசையும்போதும் சட்டைப் பொத்தான் போடும்போதும் விரல்கள் ஒழுங்காகத்தான் வேலை செய்யும். கை எதையாவது நோக்கி முன்னால் நீண்டால் மட்டும் ஐந்தும் மடங்கிக்கொள்ளும்.

இந்தக் கையைத்தான் சந்திரமதி கல்யாணம் செய்துகொண்டாள். குளுவாங் கோயிலில், பெண்ணின் கையைப் பிடியுங்கள் என்று ஐயர் சொன்னபோது மாப்பிள்ளை முஷ்டியை நீட்டினார். "தம்பி, கையத் திறங்க" என்று ஐயர் கெஞ்சிப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் சந்திரமதியே தேங்காயைப் பற்றுவதுபோல் அந்த முஷ்டியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அக்கினியை வலம் வந்தாள். மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று கூட்டம் சிரித்தது. வெட்கம் என்றால் இரண்டு நாளில் போகும், மிஞ்சினால் இரண்டு மாதம். மகள் லோஷினி பிறந்து, படித்து, சிங்கப்பூருக்கு வேலைக்கும் போய்விட்டாள். முஷ்டி திறக்கவில்லை.

மனிதர் கெட்டவர் அல்ல. குடி இல்லை, கோபம் இல்லை. பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது கெலாங் பாத்தாவில் ஒரு கிடங்கில் காவலர்களை மேய்க்கிறார். மனைவிக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுவார், அதுவும் விரல் கணுக்களால். ஏன் இப்படி என்று கேட்டால் வாயில் கொழுக்கட்டை. பட்டாளத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டாலும் "வேல செஞ்சேன்" என்பதோடு சரி.

சந்திரமதிக்கு இருந்த ஆசை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவர் தன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்ந்து. தைப்பூசக் கூட்டத்தில் நடந்தாலும் சரி, பேரங்காடியில் நடந்தாலும் சரி, ஒரு தடவை போதும். ஸ்கூடாய் கடைவீதியில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் விரல் கோத்துக்கொண்டு பபிள் டீ உறிஞ்சிப் போவதைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரியும். ஐம்பது வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டினால் போகிற ஆசையா அது? இவருக்கு என்னைத் தொடப் பிடிக்கவில்லை என்று அவள் பலமுறை நினைத்திருக்கிறாள். நினைத்து அழுதும் இருக்கிறாள், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு.

அவள் பிறந்தது லாயாங் லாயாங்கில். அப்பா ரயில் தண்டவாளத்தில் வேலை பார்த்தவர். பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் படித்துவிட்டு அவள் நேராகப் போனது ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு. அங்கே சோற்றுப்பானை மூடி வரைந்தாள், துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவு வரைந்தாள், பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கொக்கி வரைந்தாள். மூடுகிற சாமான் எதுவானாலும் சந்திரமதியிடம் கொடு என்று அங்கே ஒரு பேச்சே இருந்தது. அது எந்த அளவு கைக்குத் திறக்கும், எந்த ஒலியோடு சாத்தும் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். கட்டிய புருஷனின் கை மட்டும் பிடிபடவில்லை. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

பிறகு ஸ்கூடாயில், டயர் கடைக்கு மேல்மாடியில், ஆலன் நடத்தும் வடிவமைப்பு அலுவலகத்தில் சேர்ந்தாள். ஆலன் அவளைவிடப் பத்து வயது சின்னவன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கித்தார் வாசிப்பவன், 'இல்லை' என்று யாரிடமும் சொல்லத் தெரியாதவன். அதனால்தான் அந்த வேலை அவர்களிடம் வந்தது. பட்டாளத்தில் சில பழைய பீரங்கிகள் இருந்தன. அவற்றின் பின்வாயை மூடும் அமைப்புக்கு இப்போது எவனும் உதிரிப் பாகம் செய்வதில்லை. அதைப் புதிதாக வரைந்து தர வேண்டும்.

"மூடுற வேலதானேக்கா. நீங்கதான் பாக்கணும்" என்றான் ஆலன்.

பீரங்கிக் குழாயின் பின்பக்கம் திறந்திருக்கும். அதுதான் பின்வாய். குண்டை அதன் வழியாக உள்ளே தள்ள வேண்டும். தள்ளியதும் ஒரு கனத்த இரும்புக் கட்டை கீழேயிருந்து மேலே ஏறி வாயை அடைத்துக்கொள்ளும். அடைக்காமல் சுட்டால் நெருப்பு சுடுகிறவன் முகத்துக்கே திரும்பிவிடும். கட்டையைத் தூக்க ஒரு முரட்டு ஸ்பிரிங். அது ஏறிவிடாமல் கீழே பிடித்து வைக்க இரண்டு கொக்கிகள். குண்டின் அடிவிளிம்பு உள்ளே போய்க் கொக்கிகளில் மோதும். மோதிய அக்கணமே கொக்கி விட்டுவிடும், ஸ்பிரிங் உதைக்கும், கட்டை ஏறிவிடும். சந்திரமதிக்கு இது பிடித்திருந்தது. யாரும் சொல்லாமலே, வர வேண்டியது வந்ததும் தானாக மூடிக்கொள்கிறது. யார் யோசித்தானோ, கெட்டிக்காரன் என்று நினைத்தாள்.

திரையில் எல்லாவற்றையும் வரைந்து ஓட்டிப் பார்த்தபோது ஒரு வழக்கமான சோதனை பாக்கியிருந்தது. சோற்றுப்பானை மூடிக்குக்கூட அதைச் செய்வாள். மென்பொருளில் ஒரு பொம்மைக் கை உண்டு. அதைக் கொண்டுவந்து வைத்து, மனிதக் கை எங்காவது மாட்டுகிறதா என்று பார்ப்பது. மாட்டினால் அந்த இடம் சிவப்பாக மாறும். குண்டைத் தள்ளும் விதமாக அந்தக் கையைப் பின்வாய்க்குள் வைத்தாள். உள்ளங்கை விரிந்து, விரல்கள் முன்னால் நீண்டிருந்தன. கட்டையை ஏற விட்டாள்.

நான்கு விரல்களும் சிவந்தன.

கோணத்தை மாற்றினாள், சிவப்பு. கையைப் பின்னால் இழுத்தாள், நகங்கள் மட்டும் சிவப்பு. அந்த வேகத்துக்கு எந்த மனிதனும் கையை எடுத்துத் தப்ப முடியாது. பின்னே இத்தனை காலமும் எப்படிச் சுட்டார்கள்? பொம்மைக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். ஐந்தும் மடங்கியபோது கட்டை ஏறி வந்து, முஷ்டியின் அடியில் முட்டி, அதை அப்படியே மேலே தூக்கி வெளியே எறிந்தது. சிவப்பு எங்கும் இல்லை.

சந்திரமதி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த முஷ்டியை அவளுக்குத் தெரியும். அக்கினியைச் சுற்றியபோது அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆலன் வந்து "என்னக்கா, கிளாஷ் ஆவுதா?" என்று கேட்டான். "இல்ல, சரியாயிருச்சு" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

அன்று சாப்பிடும்போது கேட்டாள். "என்னங்க, நீங்க குண்டு தள்ற வேலதான் பாத்தீங்களா?"

லோகேஸ்வரனின் கை சோற்றில் நின்றது. "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. வரைஞ்சு பாத்தேன்."

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். குடித்தார். பேசமாட்டார் என்றுதான் நினைத்தாள்.

"சேந்த மொத நாளே கத்துக்குடுப்பாங்க. கெங்கம், கெங்கம்னு காதுல கத்துவாங்க. மலாய்ல கைய மூடுன்னு அர்த்தம். எல்லாரும் மூடித்தான் தள்ளுவோம். பக்கத்து பீரங்கியில ரஸ்லான் இருந்தான்."

"நம்ம ரஸ்லான் அண்ணனா? மூவார்ல?"

"அவன்தான். அன்னிக்கி மழ. குண்டு வழுக்குச்சு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கைய விரிச்சுத் தள்ளிட்டான்."

ஹரி ராயாப் பெருநாளுக்கு வருடம் தவறாமல் அவர்கள் போகும் வீடு அது. ரஸ்லான் வாசலுக்கு வந்து சிரிப்பார், வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு. "அவருக்குச் சக்கர வியாதியில வெரல் போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அவன் அப்படிச் சொல்லச் சொன்னான். நான்தான் அவன் கையுறையப் பொறுக்கினேன் சந்திரா. வெரல் உள்ளயே இருந்துச்சு."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். "அது பீரங்கி. நான் பீரங்கி இல்லியே."

"எனக்குத் தெரியும்" என்றார். தன் கையை ஏதோ வேற்று மனிதரின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கைக்குத் தெரியல."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். பூனைக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை, அடுப்பைத்தான் மாற்ற வேண்டும் என்று சந்திரமதிக்குத் தோன்றிவிட்டது. பட்டாளம் கேட்டதை அப்படியே வரைந்து முடித்தாள். முடித்த கையோடு இன்னொன்றையும் வரைந்தாள். அதில் கொக்கிகள் விட்டாலும் கட்டை ஏறாது. இரண்டாவதாக ஒரு பிடி அதை நிறுத்தி வைத்திருக்கும். தள்ளியவன் கையை வெளியே எடுக்கும் வழியில் ஒரு தட்டு. வெளியே வரும் கை போகிற போக்கில் அதைத் தட்டினால்தான் கட்டை ஏறும். கை உள்ளே இருக்கும்வரை பீரங்கி காத்திருக்கும்.

"அக்கா, இத அவங்க கேக்கலியே" என்றான் ஆலன்.

"ரெண்டாவது மாதிரின்னு குடுப்போம். ரிக்ல ரெண்டையும் மாட்டிக் காட்டலாம்."

வழக்கம்போல் அவனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கீழே, டயர் கடைக்குப் பின்னாலிருந்த பட்டறையில், குழாயின் பின்பகுதியை மட்டும் கொண்ட ரிக் என்கிற அந்தச் சோதனை அமைப்பைச் செய்தார்கள். சுட முடியாது, மரக்குண்டைத் தள்ளிப் பார்க்கலாம். பட்டாளத்திலிருந்து ஒரு மேஜரும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். இரண்டையும் தள்ளிப் பார்த்தார்கள். மேஜர் நல்ல மனிதர், அவளுடைய இரண்டாவது மாதிரியைக் குனிந்து குனிந்து ரசித்தார். பிறகு முதலாவதை எடுத்துக்கொண்டார். சண்டையில் ஒரு மூச்சு நேரம் தாமதமானாலும் தாமதம்தான் என்றார். கூடுதலாக ஒரு பாகம் இருந்தால் சேற்றில் கூடுதலாக ஒன்று மாட்டும் என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி என்று சந்திரமதிக்குத் தெரியும். சரியான பேச்சு ஆறுதல் தரும் என்று எவன் சொன்னான்? அவளுக்கு அது செத்த வீடு மாதிரி இருந்தது.

"சனிக்கெழம ரிக்கைக் கழட்டிறலாம்" என்றான் ஆலன்.

"கழட்டுறதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்து பாக்கணும்" என்றாள். "ரெண்டாவது மாதிரி அதுலயே இருக்கட்டும்."

லோகேஸ்வரன் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். காரைக் கழுவினார், செடிக்குத் தண்ணீர் ஊற்றினார், பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார். பட்டறைக்குள் நுழைந்ததும் மனிதரின் முதுகு நிமிர்ந்தது. யாரும் சொல்லாமலே இடது பக்கம் போய்க் காலை அகட்டி நின்றார். மரக்குண்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் பின்வாயில் வைத்து முஷ்டியால் தள்ளினார். அந்தத் தள்ளலில் இருந்த அழகை அவள் அதுவரை பார்த்ததில்லை. குண்டு உள்ளே போனது. கொக்கிகள் விட்ட சத்தம் கேட்டது.

கட்டை ஏறவில்லை.

தூக்கி எறியப்படக் காத்திருந்த முஷ்டி உள்ளேயே நின்றது. அவர் அசையவில்லை. "ஒடஞ்சிருச்சா?" என்றார், திரும்பாமல்.

"இல்லங்க. காத்துக்கிட்டு இருக்கு."

"எதுக்கு?"

"ஒங்க கை வெளிய வர்றதுக்கு. அதுவரைக்கும் ஏறாது. எவ்ளோ நேரம் வேணும்னாலும் வச்சிருங்க."

அவர் வைத்திருந்தார். ஆலன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சந்திரமதி அவனைப் பார்த்த பார்வையில் டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டான். டயர் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். பின்வாய்க்குள் இருந்த அவருடைய முஷ்டியை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டைவிரல் விலகியது. சுண்டுவிரல் நிமிர்ந்தது. மற்ற மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, உள்ளங்கை குண்டின் அடியில் ஒட்டி நின்றது. அவர் மூச்சு விடும் சத்தம் பட்டறை முழுவதும் கேட்டது. பிறகு கையை வெளியே எடுத்தார். போகிற போக்கில் தட்டைத் தட்டினார். கட்டை ஏறி வாயை அடைத்தது.

"இன்னொரு தடவ" என்றார்.

திரும்பத் திரும்பத் தள்ளினார். ஆலன் டீயோடு வந்து, அது ஆறியும் போனது. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பட்டாளத்துல எடுத்துக்கிட்டாங்களா?"

"வேணாம்னுட்டாங்க."

அவர் அந்தத் தட்டை விரலால் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். "சரியாத்தான் சொல்லியிருக்காங்க. மெதுவா இருக்கு" என்றார். சந்திரமதிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பட்டாளத்தானைக் கட்டிக்கொண்டால் அப்படித்தான்.

வீடு திரும்பும்போது அவள்தான் காரை ஓட்டினாள். ஸ்கூடாய்ச் சாலை சனிக்கிழமை நெரிசலில் நகராமல் கிடந்தது. இடது கையை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு முன்னால் நின்ற லோரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்து அவர் கை வந்தது. வழக்கம்போல் முஷ்டியாகத்தான் வந்தது. வந்து அவள் உள்ளங்கையில் உட்கார்ந்தது.

பட்டறையில் திறந்தது இரும்புக்கு, எனக்கு இல்லை என்று நினைத்தாள். இதுவே போதும் என்றும் நினைத்தாள். அது பொய் என்றும் அவளுக்குத் தெரியும். எப்போதும் செய்வதுபோல் அந்த முஷ்டியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள அவள் விரல்கள் எழுந்தன. எழுந்த விரல்களை நிறுத்திக்கொண்டாள். கையை விரித்தபடியே வைத்து, அவரைப் பார்க்காமல், காத்திருந்தாள்.

லோரி நகர்ந்தது. முன்னால் சாலை திறந்து கிடந்தது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான், அவனுக்குப் பின்னாலிருந்தவனும் அடித்தான். அவள் காரை எடுக்கவில்லை. உள்ளங்கையில் முஷ்டியின் கனம் குறைந்தது. கட்டைவிரல் விலகியது. அவருடைய விரல்கள் அவளுடைய விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக இறங்கி, மூடிக்கொண்டன.

"போ சந்திரா, வழி விட்டுருச்சு" என்றார். கையை எடுக்கவில்லை.

வீடு வரும்வரை அவள் ஒரு கையால்தான் ஓட்டினாள்.