அல் கூஸ் கேம்ப்பின் மேயர்

வளைகுடாவில், அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் முந்நூறு பேருக்கு ஒரே தண்ணீர்த் தொட்டி. காலை ஐந்து மணிக்கு சோப்பு போட்டு நிற்கும்போது குழாயில் வெறும் காற்று வரும். வெல்டர் தேவசுந்தரம் குளச்சல்காரர். கண்ணில் சோப்போடு ஒருநாள் அவர் போட்ட சத்தத்தில்தான் அவருடைய அரசியல் வாழ்க்கை தொடங்கியது. 2005 டிசம்பரில் கேம்ப் கமிட்டித் தலைவர் தேர்தலில் நின்று ஜெயித்தார். சைட்டில் கிரேன் ஓட்டும் உக்ரைன்காரர் மிக்கோலா அன்றிலிருந்து அவரை 'மேயர்' என்றே கூப்பிட்டார்.

பதவி என்ன பெரிய பதவி! மேலாளர் அறைக்கு வெளியே கால் கடுக்க நிற்பதுதான். இரண்டாவது தொட்டி கேட்டு பதினோரு மாதம் நின்றார். "ஜனவரியில் போடலாம், கமிட்டித் தலைவர் வந்து கையெழுத்துப் போடணும்" என்று மேலாளர் ஒருவழியாக வாயைத் திறந்தார். அதோடு இன்னொரு காரியமும் கைகூடியது. கடற்கரை ஊர்க்காரர்கள் நாற்பத்து மூன்று பேருக்கும் அவருக்கும் சேர்ந்தாற்போல் கிறிஸ்துமஸ் லீவு. எந்தத் தலைவரும் வாங்கித் தராத லீவு. தேவசுந்தரத்துக்குத் தலைகால் புரியவில்லை.

டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. விமானம் புதன்கிழமை, இந்த வருஷத் தலைவர் தேர்தல் வெள்ளிக்கிழமை. போகிற அத்தனை ஓட்டும் அவருடைய ஓட்டு.

மிக்கோலா தலையில் கை வைத்துக்கொண்டார். உக்ரைனில் அவர் நகரத்து மேயரும் டிராம் விட்டார், ரோடு போட்டார், இரண்டு முறை ஜெயித்தார். மூன்றாவது தேர்தல் வந்த ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு ஓட்டுப் போடும் வயசாளிகள் எல்லாரும் ஊருக்கு வெளியே தோட்டத்தில் உருளைக்கிழங்கு நடப் போய்விட்டார்களாம்.

"ஆத்மி மாஃபி, மேயர் கலாஸ்!" என்றார் கேம்ப் பாஷையில். ஆள் இல்லை, மேயர் கதை முடிந்தது.

அப்புறமும் யாரையும் நிறுத்த தேவசுந்தரத்துக்கு மனம் வரவில்லை. ஊர்க்காரப் பையன் ரெஜினிடம் மட்டும் மெல்லக் கேட்டார்.

"ரெண்டு நாள் கழிச்சுப் போலாமா மக்கா?"

பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்த ரெஜின் சிரித்தான். "நீங்க தோப்பீங்களா அண்ணே? ஒங்கள விட்டா வேற எவன் இருக்கான்?"

போட்டியிடுகிறவர் ஊருக்குப் போக முடியுமா? மனைவி புஷ்பமேரியிடம் போனில் "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்று சொல்லிவிட்டுத் தங்கினார். எதிர்த்து நின்ற ஸ்டோர் கீப்பர் சீதாராமன் மெஸ்ஸுக்குப் பெரிய டிவி வாங்கித் தருவதாகச் சொன்னார். தேவசுந்தரம் இருபத்தாறு ஓட்டில் தோற்றார்.

சனிக்கிழமையே மேலாளரிடம் ஓடினார். "தொட்டிய மட்டுமாவது போட்டுருங்க சார்."

"புதுத் தலைவரை வரச் சொல்."

புதுத் தலைவர் டிவிக்குத்தான் கையெழுத்துப் போட்டார். தேவசுந்தரம் யாரைப் பிடித்துத் திட்டுவது? ஓட்டுப் போடாதவர்களையா? அவர்களை விமானம் ஏற்றி அனுப்பியதே இவர்தானே!

கிறிஸ்துமஸ் அன்று புஷ்பமேரி பேசினாள். பின்னால் வெடிச் சத்தம்.

"எல்லாவனும் வீட்டுக்கு வந்துட்டுப் போறான். தலைவர் புண்ணியத்துல வந்தோம்ங்கான். எத்தன ஓட்டுல ஜெயிச்சாருன்னு ரெஜின் கேக்கான். நான் என்னத்த சொல்ல?"

அவர் மகள் அக்ஸாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

"அக்ஸா காலையிலேர்ந்து அழுவுதா. நாப்பத்து மூணு வீட்டுலயும் ஆளு வந்தாச்சு. நம்ம வீட்டுக்குத்தான் வரல."