மாமா கொல்லையில் ஒரு பவுண்டரி

சித்தி கல்யாணத் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் கொய்யாக் கன்று கொடுப்பது என்று மாமா முடிவு செய்தார். ஊரில் எல்லோரும் இப்போது கன்றுதான் கொடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் விலைக்கு வாங்கியவர்கள். மாமாவோ கோரிமேட்டுக்கு அப்பாலிருந்த தன் கொய்யாக் கொல்லையில் பதியன் போட்டு, அந்த மண்ணையே பையில் நிரப்பி வளர்த்தார். தட்டாஞ்சாவடி கம்பெனி வேலை சோத்துக்கு, கொல்லை மானத்துக்கு என்பார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் முத்தியால்பேட்டை வீட்டு வாசல் முழுக்கக் கன்றுகள். நான்தான் காவல். எட்டு வயது, எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் அப்போது இருக்கவில்லை.

மாப்பிள்ளையின் அக்கா வந்தார். விவசாய ஆபீசில் வேலை. வெளிறிய கன்று ஒன்றைப் பார்த்ததும் பையைக் கிழித்து வேரை உதறினார். வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது.

"அது பிஞ்சு அத்தே. கொய்யா, வேர்க்கடலை மாதிரி கீழயும் காய்க்கும்," என்று அவருக்கு விளக்கினேன்.

அவர் சிரிக்கவில்லை. மாமாவிடம் மெதுவாகச் சொன்னார்: "நூற்புழுங்க. கண்ணுக்குத் தெரியாது, வேருக்குள்ள இருந்தே மரத்த சாகடிச்சிடும். இந்த மண்ணு போற தோட்டத்துக்கெல்லாம் இதுவும் கூடவே போயிடும்."

"கொல்லைல இலையெல்லாம் செவந்துக்கிட்டு வருது. வெயிலுன்னு விட்டுட்டேன்," என்றார் மாமா.

சித்தி மருதாணிக் கையோடு வந்து நின்றாள். "ஊருக்கெல்லாம் சீக்கைக் குடுத்துட்டு நான் மாலை மாத்தணுமா? வேணாம்ண்ணே."

"மாப்ள வீட்டை விட்டுட்டு மத்தவங்களுக்கு மட்டும் குடுத்துடலாமா?" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள், மாமாவைத் தவிர. கன்றுகளைக் குழியில் போட்டுக் கொளுத்தினார்கள். தாம்பூலப் பையில் தேங்காயே போனது.

அடுத்த ஞாயிறு நாங்கள் பிள்ளைகளெல்லாம் கொல்லைக்குப் போனபோது, மாமா ஆள் வைத்து மரங்களை வேரோடு தோண்டிக்கொண்டிருந்தார். கிரிக்கெட் ஆட இடமில்லை என்று நான் வெகு நாளாக நச்சரித்து வந்தவள். என் சொல்லுக்கு இத்தனை மதிப்பா என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

சாயங்காலம் கிணற்றோரம் ஒரே ஒரு மரம் மிச்சம். அதன் இலைகளும் சிவக்கத் தொடங்கியிருந்தன. மாமா அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"அதையும் எடுத்துட்டா பவுண்டரி இன்னும் பெருசாயிடும் மாமா."

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சரி பாப்பா. நீ சொன்னா சரிதான்."

ஆட்டம் தொடங்கியதும் கூப்பிட்டோம். மாமா வரவில்லை, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். என் பந்து வேகத்துக்குப் பயந்துவிட்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.