பத்துமலையின் நாக்கு

கடலிலிருந்து வரும் மின்கம்பியின் இரண்டு நுனிகளையும் நாக்கில் வைத்துக்கொண்டு பத்துமலை கண்களை மூடுகிறார். அலை வந்தால் புளிக்கும். போனால் சப்பென்றிருக்கும். "வருது," என்கிறார், யாரும் கேட்காமலே.

"நாக்கு செத்துப்போனா எங்கொழம்புக்கு உப்பு யாரு பாக்குறது?" நண்டு ஆய்ந்தபடி கேட்கிறாள் மனைவி இருளாயி.

அவர் மலாயாவின் பத்து காஜா ஊரில், ஈயச் சுரங்கத்தில் மின்சார எந்திரத்துக்கு எண்ணெய் போட்டவர். லூமுட் பக்கம் இந்தக் கடற்கரைக் கிராமத்தில் இருளாயியின் தம்பி மாயாண்டி படகு ஓட்டுகிறான் என்று வந்து சேர்ந்தார். இங்கே மின்சாரம் எடுக்க எந்திரமும் இல்லை, கரியும் இல்லை. "கடலு சும்மாத்தானே ஆடிக்கிட்டுக் கெடக்கு," என்றார்.

மண்ணெண்ணெய்த் தகரங்களை மூங்கிலில் கட்டி இரண்டு மிதவைகள், ஓட்டைகளுக்கு ரப்பர் பால் பூச்சு, நடுவில் கீல். அலை அவற்றை மடக்கி விரிக்கும்போது பல்சக்கரம் ஓடி, சுரங்கத்துத் துரை தூக்கியெறிந்த சைக்கிள் டைனமோவைச் சுற்றும். படகுத்துறை முனையில் பல்பு மினுங்கும்.

முதல் தடவை மினுங்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்த மனிதர். தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் மிதவைகளைப் படகுத்துறையின் மரக்கால்களோடு சங்கிலியால் இறுக்கிவிட்டார். மதியம் கடல் ஏறியதும் எல்லாம் மூழ்கிப்போனது.

"மச்சான், இது என்ன தோட்டத்துக் கொளமா? ஏறும், எறங்கும்லா!" என்று மாயாண்டி சிரித்தான்.

மறுநாளே சங்கிலிக்குப் பதில் பிரம்பு வளையங்கள். மிதவைகள் மரக்கால்களில் வழுக்கி ஏறி இறங்கின. ஆனால் அவை மாயாண்டி படகு கட்டும் கால்கள்.

"சுமத்ராக் காத்துக் காலம் முடியுற வரைக்கும் பாப்பேன். ஒழுங்கா எரியலைன்னா காலைப் புடுங்கிருவேன்."

"யாரு காலை?"

"மொதல்ல மரக்காலை."

அமைதியான நாட்களில் பல்பு விட்டு விட்டுத்தான் எரிந்தது. "மின்மினியப் புடிச்சு வச்சாப் போதும்," என்றாள் இருளாயி.

ஒரு சாயங்காலம் சுமத்ராக் காற்று மழையோடு அடித்தபோது மாயாண்டி கடலில் இருந்தான். துறையின் மண்ணெண்ணெய் விளக்கு அணைந்துவிட்டது. வெளிச்சம் இல்லாவிட்டால் படகு சேற்றுத் திட்டில் ஏறிக் கவிழும். பல்பும் இருண்டு கிடந்தது. பத்துமலை கம்பியைப் பிடுங்கி நாக்கில் வைத்தார். அது சுளீரென்று அடித்தது.

"கரண்டு இருக்குடி! பல்பைத் திருகு!"

காற்றில் தளர்ந்திருந்த பல்பை இருளாயி முந்தானையால் பிடித்துத் திருகினாள். அவர் கம்பியை மாட்டினார். பல்பு எரிந்தது. அலை மேல் அலை வந்ததால் இமைக்கவே இல்லை. கடல் சீறச் சீற வெளிச்சம் நின்றது.

அதைப் பார்த்தே படகு உள்ளே வந்தது. மாயாண்டி கயிற்றோடு குதித்தான். மடங்கி விரியும் மிதவைகளைப் பார்த்தான்.

"நாக்கு இருக்கா மச்சான்?"

பத்துமலை நீட்டிக் காட்டினார்.

மாயாண்டி படகு கட்டும் தன் மரக்கால்களைத் தாண்டி, கொட்டும் மழையில் படகை இழுத்துக்கொண்டே நடந்து, கோடியில் இருந்த தென்னைமரத்தில் கயிற்றைக் கட்டினான்.