தையல் இல்லாத வயிறு

குளச்சல் ஏலக்கூடத்தில் மீன் எடுத்து, தலைச்சுமையாகத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்பவள் வேளாங்கண்ணி. சுமந்து சுமந்து வயிற்றில் குடல் பிதுங்கிவிட்டது. ஆப்பரேஷன் தவிர வழியில்லை. சர்க்கரை வேறு. இரண்டாவது பிரசவத்தில் போட்ட தையல் சீழ் வைத்து அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதனால் களியக்காவிளை தாண்டி ஒரு மருத்துவமனையில், "தோலைத் தைக்காம லேசர் வச்சு ஒட்டிப் பாக்கோம், சம்மதமா?" என்று டாக்டர் கேட்டதும் தலையாட்டினாள்.

தங்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத துகளாக்கிக் கலந்த மெல்லிய ஏடு ஒன்றை வெட்டுவாயில் வைத்து, லேசர் ஒளியைக் காட்டினார்கள். துகள் சூடேற, ஏடு தோலோடு ஒட்டிக்கொண்டது. "வெளியே சீக்கிரம் ஆறிடும். உள்ளே நாளாகும். இன்னும் ரெண்டு மாசம், கிறிஸ்மஸ் வரை பாரம் தூக்கக் கூடாது," என்றார் டாக்டர்.

வீட்டில்தான் வினை. அந்தக் கரையில் ஆப்பரேஷன் ஆன பெண்ணுக்கு ஓய்வு, தையல் பிரிக்கும்வரை. பிரித்த மறுநாள் மீன்பெட்டி தலையேறிவிடும். இவளுக்குப் பிரிக்கத் தையலே இல்லை.

மாமியார் சேலையை விலக்கிப் பார்த்தாள். மெல்லிய கோடு ஒன்று.

"இதுக்கா கெடந்து மொனங்குக? பூனை பெறாண்டுனா இதவிடப் பெருசா இருக்கும்."

"உள்ள ஆறணுமாம் மாமி."

"உள்ள போயி நீ பாத்தியா?"

கணவன் டைட்டஸ் கடலுக்குப் போயிருந்தான். அவளுக்காகப் பேச ஆளில்லை. மறுநாள் விடிந்ததும் பெட்டியோடு ஏலக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

"ஏட்டி, வயித்துல தங்கம் வச்சவ வந்துட்டா! அடகுக்கடைக்காரன் பாத்தா ஒன்னயே தூக்கி உள்ள வச்சிருவான்," என்று சிரித்தாள் கூட விற்கும் பிரிஜா. வேளாங்கண்ணியும் சிரித்தாள். சிரிக்கும்போதே கை வயிற்றைப் பிடித்தது.

நிறைபெட்டியைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. எதிரே ஒருத்தி நின்று பிடித்துவிட வேண்டும். கேட்டால் பகையாளிகூட மறுக்கமாட்டாள். பெட்டியில் சாளை மீனை நிரப்பிவிட்டு வேளாங்கண்ணி குனிந்தாள். "பிடிச்சு விடுட்டி."

பிரிஜா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "மாட்டேன்."

"தையலு இல்லேல்லா, பயமில்ல."

"மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. ஏத்திவிட்டு, நீ தெருவுல விழுந்தா நான் எப்பிடி ஒறங்க?"

அடுத்தவளைக் கேட்டாள். அவள் பிரிஜாவைப் பார்த்தாள், கை நீட்டவில்லை. வேளாங்கண்ணிக்குக் கோபத்தில் கண் நிறைந்தது.

பிரிஜா பெட்டியை நிழலுக்கு இழுத்து, பக்கத்தில் சாக்கை விரித்தாள். "இங்கனயே இருந்து வில்லு மக்கா. மாமி கேட்டா, ஏத்திவிட ஒருத்தியும் வரலேன்னு சொல்லு."

உட்கார்ந்து விற்று அவளுக்குப் பழக்கமில்லை. முதலில் வந்தவர் விலை கேட்டதும் எழுந்துவிட்டாள்.

"இரிட்டி!" என்று அதட்டினாள் பிரிஜா.